மூக்கை நம்பி ஆய்வுக்கூடம் நடத்தாதீர்கள்

வாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியும். மூக்குக்குத் தெரியவில்லை என்றால் கசிவே இல்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இந்த நம்பிக்கையைக் கேட்காத தெரு கிடையாது. மணலிப் பக்கம் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதை வைத்தே இது எந்த ஆலையின் நாற்றம் என்று சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் திறமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. கருவி வைக்க வேண்டியவர்கள் வைக்காததால், மக்கள் தங்கள் உடம்பையே கருவியாக்கிக்கொண்டார்கள். ஆனால் அதே நம்பிக்கை, படித்தவர்கள் நடத்தும் விலங்கு ஆய்வுக்கூடத்துக்குள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எலிக்கும் முயலுக்கும் மயக்க வாயு கொடுக்கும் அறைகளில் ‘வாசனையே வரலியே, எதுக்குப் பயப்படுறீங்க’ என்பதுதான் எழுதப்படாத பாதுகாப்பு விதி. பேராசிரியர் அதைச் சொல்கிறார், சீனியர் ஸ்காலர் சொல்கிறார், கடைசியில் கூண்டு கழுவும் அட்டெண்டரும் அதையே திருப்பிச் சொல்கிறார். இது அடியோடு தவறான கருத்து.

இந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகக் காட்டும் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு, நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து எண்ணூர் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் கண் எரிந்து, தொண்டை அடைத்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ‘பார்த்தீர்களா, மூக்குதானே காப்பாற்றியது?’ என்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அதற்குக் காப்பாற்றுதல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பிறகு வந்து அளந்தபோதும் ஆலை வாசல் பக்கம் ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது, வரம்பு 400. கசிவு உச்சத்தில் இருந்த நேரத்தில் அந்தத் தெருக்களில் எவ்வளவு இருந்தது என்பதை எந்தக் கருவியும் எழுதி வைக்கவில்லை.

அன்று மூக்கு அந்த அளவுக்காவது உதவியது என்றால், அதற்குக் காரணம் அம்மோனியாவின் குணம். 5 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 5 பங்கு இருந்தாலே பெரும்பாலோருக்கு நெடி ஏறிவிடும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் சராசரி 25 பிபிஎம். ஆபத்துக்கு முன்பே நாற்றம் வந்துவிடுகிறது. எல்லா வாயுவும் இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. பாதாளச் சாக்கடையில் இறங்கியவர்களைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் அளவை எட்டினால் முகரும் நரம்பையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி உள்ளே ஒரு படி இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் சொன்னது. 2023ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னால் இருக்கும் பிணங்களில் எத்தனையோ, மூக்கை நம்பி இறங்கிய உடல்கள்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். இன்று எலிகளுக்கு அதிகம் கொடுக்கப்படும் மயக்க வாயு ஐசோஃப்ளூரேன். பாட்டிலில் திரவமாக இருக்கும், 48.5 டிகிரியில் கொதிக்கும். சென்னை வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் போதும், ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். வேப்பரைசர் என்ற கருவி அதை ஆக்சிஜனோடு கலந்து, மூன்று நான்கு சதவீதத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செலுத்துகிறது. அதைச் சேம்பர் என்பார்கள். எலி மயங்கியதும் வெளியே எடுத்து, மூக்கில் ஒரு கூம்பு மாட்டி, ஒன்றிரண்டு சதவீதத்தில் மயக்கத்தைத் தொடர்வார்கள். ஈதரைச் சற்றே நினைவுபடுத்தும் காரமான வாசனை இதற்கு உண்டு. ஆனால் அந்த வாசனை மனிதனுக்குத் தெரிகிற நேரத்தில், காற்றில் அதன் அளவு அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் 1977ல் இந்த வகை மயக்க வாயுக்களுக்குப் பரிந்துரைத்த 2 பிபிஎம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும். அதோடு, ஒரே வாசனைக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ஆகவே ‘வாசனை வரல’ என்ற வாக்கியத்துக்கு இந்த அறையில் எந்த மதிப்பும் கிடையாது. ‘வாசனை வருது’ என்பதற்கு மட்டும் ஒரு பொருள் உண்டு: நிலைமை முன்பே கைமீறிவிட்டது.

அடுத்த வாதம் இன்னும் பிரபலம். ‘சுண்டெலி இத்தனூண்டு. அதுக்குக் குடுக்குற வாயு எவ்வளவு இருந்துடப் போகுது?’ கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுண்டெலி ஒரு நிமிடத்துக்கு இழுக்கும் காற்று சுமார் 30 மில்லி. நாம் கூம்பு வழியாக அனுப்புவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அதாவது 1,000 மில்லி. எலி எடுத்துக்கொள்வது நூற்றில் மூன்று பங்கு. மிச்சம் 97 பங்கு எங்கே போகிறது? வெளியேற்றும் குழாய் இருந்தால் அதன் வழியாக. இல்லையென்றால் அதன் எதிரே குனிந்திருப்பவரின் முகத்துக்கு. அந்த ஒரு லிட்டரில் 2 சதவீதம் ஐசோஃப்ளூரேன் என்றால் நிமிடத்துக்கு 20 மில்லி ஆவி. பன்னிரண்டுக்குப் பதினாலடி அறை, பத்தடி உயரம். நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் அறை, சுமார் 48 கனமீட்டர். காற்றோட்டம் இல்லாவிட்டால் ஐந்தே நிமிடத்தில் அறை முழுவதும் 2 பிபிஎம் தாண்டும். ஒரு மணி நேரத்தில் 25. எலி சிறியது என்பதால் வாயு சிறியதாகிவிடவில்லை. எலி எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிகமாக நமக்கு மிஞ்சுகிறது. வேப்பரைசரில் திரவம் நிரப்பும்போது ஒரே ஒரு மில்லி சிந்தினால் அது சுமார் 195 மில்லி ஆவியாகி, அதே அறையை 4 பிபிஎம்முக்குக் கொண்டுபோய்விடும்.

எலி இழுத்துக்கொண்ட அந்த மூன்று பங்காவது உள்ளேயே தங்குகிறதா? அதுவும் இல்லை. ஐசோஃப்ளூரேனில் உடல் சிதைப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி முழுவதும் எலி கண் விழிக்கும்போது மூச்சாக வெளியே வருகிறது. ‘ஆப்பரேஷன் முடிஞ்சுது, மெஷினை அணைச்சாச்சு’ என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மயங்கிக் கிடக்கும் பத்து எலிகளை மேசையில் வரிசையாக வைத்து, எப்போது எழுந்திருக்கும் என்று குனிந்து பார்க்கிறோமே, அந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

ஒரு விலங்குக்கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் ஒருவர், ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் அட்டெண்டர் ஒருவர். சேம்பரின் மூடியைத் திறக்கும் வேலை அட்டெண்டருடையது. ஐசோஃப்ளூரேன் ஆவி காற்றைவிட ஆறு மடங்கு கனம். மூடியைத் தூக்கியதும் அது மேலே பறக்காது. விளிம்பு வழியாக வழிந்து, பெட்டிக்குள் கைவிட்டு எலியைத் தேடுகிறவரின் மார்பிலும் முகத்திலும் படியும். திறப்பதற்கு முன் வேப்பரைசரைப் பூஜ்யத்தில் வைத்து, வெறும் ஆக்சிஜனைச் சிறிது நேரம் ஓட விட்டிருந்தால் இது பெருமளவு குறைந்திருக்கும். நேரமில்லை என்று அதைச் செய்யவில்லை.

“தலை ஏதும் வலிக்குதாண்ணே?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“சாயந்திரம் ஆனா கொஞ்சம் கிர்ருனு இருக்கும்மா. மத்தியானம் சரியா சாப்பிடறதில்ல, வெயில் வேற. பழகிடுச்சு.”

பழகிடுச்சு. மணலியிலும் திருவொற்றியூரிலும் எத்தனை வருடமாகக் கேட்கிறோம் இதை. பழகியது மூக்கு மட்டும்தான். ரத்தமும் ஈரலும் கருப்பையும் பழகிக்கொண்டனவா என்று யாரும் அளந்து பார்த்துச் சொன்னதில்லை.

அந்த அறையில் பாதுகாப்புக்கு ஏற்பாடே இல்லையா என்றால், இருந்தது. சுவரில் ஸ்பிளிட் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் சர்ஜிக்கல் மாஸ்க். எலியை வைத்து வேலை செய்த இடம், ஹெப்பா ஃபில்டர் வைத்த பயோசேஃப்டி கேபினெட். மூன்றும் சேர்ந்து பெரிய நிம்மதியைக் கொடுத்தன. வாயுவிலிருந்து மூன்றும் காப்பாற்றவில்லை. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடும். கொசுவலை புகையைத் தடுக்கும் என்று நம்புவது எப்படியோ, அப்படித்தான் மாஸ்க்கும் என்-95ம் வாயுவைத் தடுக்கும் என்று நம்புவது. ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும் பிடிக்கும். ஆவி அதன் வழியே அப்படியே போய், கேபினெட் வெளிக்குழாயில் இணைக்கப்படாவிட்டால் மறுபடி அறைக்குள்ளேயே வரும். லேமினார் ஃப்ளோ என்றால் இன்னும் மோசம். அது காற்றை வேலை செய்கிறவர் மீதே வீசும். உண்மையில் வேலைக்காகும் வழி எளியது: ஆவியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி, கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். விலங்குக்கூடங்களில் மணிக்கு 10 முதல் 15 முறை காற்று மாற வேண்டும் என்பது உலக வழக்கு. மேலே சொன்ன அதே 48 கனமீட்டர் அறையில் மணிக்கு 15 முறை காற்று மாறினால், எவ்வளவு நேரம் வேலை செய்தாலும் அறையின் சராசரி 2 பிபிஎம்முக்குக் கீழேயே நிற்கும். கூம்பின் பக்கத்தில் இருப்பவருக்கு அது மட்டும் போதாது. ஆனால் பழி வாயுவின் மேல் இல்லை, அறையின் மேல் என்பது இதிலிருந்து புரியும்.

வெளிக்குழாய் போட வசதியில்லாத இடங்களில் கரி நிரப்பிய கனிஸ்டரை மாட்டுகிறார்கள். நல்லதுதான், ஒரு கனிஸ்டரைத் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை ஓட்டாத வரைக்கும். ஐசோஃப்ளூரேனை உறிஞ்ச உறிஞ்சக் கரி கனக்கும். எடை 50 கிராம் கூடினால் அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர், 2 சதவீதம் என்ற கணக்கில் அது ஐந்தரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு அது வெறும் டப்பா. உள்ளே போவது அப்படியே வெளியே வரும், அடியில் இருக்கும் துளைகளை மேசை அடைத்துக்கொண்டால் அதுவும் ஒழுங்காக வராது. நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு மயக்க வாயுவைச் சேர்த்துப் பயன்படுத்தினால் கரி அதைத் தொடவே தொடாது. புதிதாக மாட்டும் அன்று எடை என்ன, இன்று என்ன என்று கனிஸ்டரின் மேல் எழுதி வைக்க, மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசு போதும்.

படித்தவர்கள் வைக்கும் வாதம் இதற்குப் பிறகுதான் வரும்: ‘கெடுதல் என்று நிரூபணமாகியிருக்கிறதா?’ இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1967ல் சோவியத் ஒன்றியத்தில் மயக்க மருத்துவர்களான பெண்களை ஆராய்ந்த வைஸ்மன், 31 கருத்தரிப்புகளில் 18 கலைந்ததாக எழுதினார். உலகம் அதிர்ந்தது; அமெரிக்காவிலும் ஆய்வுகள் நடந்தன; 1977 வரம்பு அந்தச் சூழலில் வந்தது. அக்காலத்து ஆய்வுகள் பலவற்றில் குறைகள் உண்டு. சொந்த நினைவிலிருந்து மக்கள் சொன்னதை நம்பி எழுதியவை அவை. ஐசோஃப்ளூரேன் சந்தைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். பிரிட்டன் இன்றும் ஐசோஃப்ளூரேனுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 50 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. எந்த எண் சரி என்று வல்லுநர்கள் வாதிடட்டும். ஆனால் 1992ல் அமெரிக்காவில் பல் மருத்துவ உதவியாளர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றைத் தள்ளிவிட முடியாது: வெளியேற்றும் வசதி இல்லாத அறைகளில் வாரம் 5 மணி நேரமோ அதற்கு மேலோ நைட்ரஸ் ஆக்சைடில் இருந்த பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது, வசதி இருந்த அறைகளில் அந்தக் குறைவு தெரியவில்லை. வாயு வேறு என்பது சரி. ஆனால் இரண்டு அறைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு குழாய். அந்தக் குழாயைப் போடுவதற்கு முன் இன்னும் எந்த நிரூபணத்துக்குக் காத்திருக்கிறோம்? மேலும், 2 என்று வைத்தாலும் 50 என்று வைத்தாலும், அளக்காத அறையில் இருப்பது எவ்வளவு என்று யாருக்குமே தெரியாது. வரம்பு தாராளமானது என்று வாதாடுகிறவர் முதலில் தன் அறையின் எண்ணைக் காட்டட்டும்.

அளவை உடனே எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திருவொற்றியூர் பார்த்துவிட்டது. 2024 அக்டோபர் 25 அன்று கிராமத் தெருப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகள் ஏதோ நெடி என்று சொல்லி, தொண்டை எரிந்து மயங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய வண்டி வந்தது. கருவிகளுக்கு எதுவும் சிக்கவில்லை. நவம்பர் 4ல் பள்ளி மறுபடி திறந்தது. அன்றும் பிள்ளைகள் மயங்கினார்கள். பெற்றோர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு, இது இன்ன வாயு, இவ்வளவு இருந்தது, இங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூக்கு ‘ஏதோ இருக்கிறது’ என்றது. பெயரும் அளவும் சொல்ல அதற்குத் தெரியாது. கருவிக்குத் தெரியும், ஆனால் அது தேவைப்பட்ட நேரத்தில் அங்கே இல்லை. நாளைக்கு ஒரு ஸ்காலருக்குக் கரு கலைந்து, அந்த அறையில் என்ன இருந்தது என்று அவர் கேட்டால், நாம் இதே பதிலைத்தான் சொல்வோம்.

விலங்குக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. 1960ல் வதைத் தடுப்புச் சட்டம், 1998ல் விலங்குச் சோதனைக்கான விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு. எந்த மயக்க மருந்து, எவ்வளவு என்பதைப் படிவத்தில் எழுதிக் கொடுக்காமல் ஓர் எலியைத் தொட முடியாது. அந்த எலியைத் தூக்கும் கைக்கு என்ன படிவம்? மயக்கம் கொடுக்கும் மரபே இந்தப் பக்கத்தை மறந்துதான் வளர்ந்தது. 1888லும் 1889லும் ஹைதராபாதில், நிஜாமின் பணத்தில், எட்வர்ட் லாரி நடத்திய குளோரோஃபார்ம் கமிஷன்களில் நூற்றுக்கணக்கான விலங்குகளை மயக்கி, முதலில் நிற்பது மூச்சா இதயத்துடிப்பா என்று எண்ணினார்கள். லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்து சேர்ந்துகொண்டார். மருத்துவ உலகமே அந்த விவாதத்தைக் கவனித்தது. அந்த விவாதம் முழுவதும் மயங்கிக் கிடந்தவரைப் பற்றியது. பக்கத்தில் நின்று அதே ஆவியை இழுத்தவர்களைப் பற்றி உலகம் கேட்கத் தொடங்க இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மாதவரத்திலும் வேப்பேரியிலும் கால்நடை மருத்துவம் படித்து வெளியே வரும் இளைஞர்களாவது இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறவர்களாக வர வேண்டும்.

‘இப்படியெல்லாம் பயமுறுத்தினால் பசங்க பழையபடி டெசிகேட்டருக்குள் பஞ்சில் ஈதர் ஊற்ற ஆரம்பிச்சிடுவாங்க’ என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். ஈதர் திரும்பி வரவே கூடாது. அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றும். ஈதரில் கொன்ற எலிகளைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்து ஃபிரிட்ஜே வெடித்த ஆய்வுக்கூடங்கள் உலகில் உண்டு. பஞ்சில் ஐசோஃப்ளூரேன் ஊற்றி மூடினாலும் 20 டிகிரியிலேயே ஆவி 30 சதவீதத்தை எட்டும். அது மயக்காது, கொல்லும். நான் ஐசோஃப்ளூரேனுக்கு எதிரி இல்லை. அது நல்ல மருந்து. கூம்பு சரியாகப் பொருந்தாமல் கசிந்தால் அட்டெண்டருக்கு மட்டுமா நஷ்டம்? எலிக்கும் மயக்கம் ஏறி இறங்குகிறது, வலி தெரிகிறது, ரத்த அழுத்தம் தாறுமாறாகிறது, கடைசியில் ஆய்வு முடிவே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. செலவு என்கிறவர்கள், ஒரே ஆய்வுக்கு வாங்கும் ஆன்டிபாடிக் குப்பிகளின் ரசீதையும் வருடம் முழுவதற்குமான கனிஸ்டர் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

வேப்பரைசரை வருடம் ஒருமுறை அளவுபார்த்து, தேதியோடு சீட்டு ஒட்டுங்கள். திரவம் நிரப்புவதை எல்லோரும் போன பிறகு, காற்றோட்டம் ஓடும்போது செய்யுங்கள். கருவுற்றிருக்கும் பெண்ணிடம் ‘கொஞ்சம் தள்ளி நில்லும்மா’ என்று சொல்லி முடித்துவிடாமல், அவர் கேட்டால் வேறு வேலை கொடுங்கள். அதற்காக அவருடைய ஆய்வு ஒரு நாள்கூடப் பின்தங்கக் கூடாது. சட்டையில் குத்திக்கொண்டால் நாள் முழுவதும் எவ்வளவு வாயு பட்டது என்று சொல்லும் பேட்ஜ்கள் இருக்கின்றன. அவற்றை வாங்குங்கள். முதல் பேட்ஜை முதன்மை ஆய்வாளருக்குக் கொடுக்க வேண்டாம்; சேம்பரின் மூடியைத் திறக்கிற, ஒப்பந்தக் கூலியில் இருக்கிற அந்த அண்ணனின் சட்டையில் குத்துங்கள். அறிக்கை வந்ததும் ஒரு நகலைத் தமிழில் எழுதி, எண்ணோடு, அவர் கையிலேயே கொடுங்கள்.